வேர்க்குருவுக்கு வேப்பிலை கட்டினேன், அக்கா

என்னை இடுப்பில் தூக்கியே வளர்த்த என் அக்காவுக்கு,

உன் பேத்திக்கு இரண்டு மாதம் ஆகப் போகிறது. மூக்கும் உன்னைப் போல, பிடிவாதமும் உன்னைப் போல. நீ பார்க்காமல் போய்விட்டாயே என்ற வருத்தம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் இன்று நீ சிரிக்கிற மாதிரி ஒரு சங்கதி சொல்லப் போகிறேன். திட்டக் கூடாது, சரியா?

போன வாரம் பிள்ளையின் நெற்றியிலும் கழுத்து மடிப்பிலும் கடுகு கடுகாகச் சிவந்து எழும்பியது. அம்மைதான் என்று நான் ஒரேயடியாக முடிவு கட்டிவிட்டேன். வாசலில் வேப்பிலை சொருகி, அடுக்களையில் தாளிப்பையும் நிறுத்தினேன். அம்மை இறங்கித் தலைக்கு மூன்று தண்ணீர் ஊற்றும் வரை வெளியூரிலிருந்து வருகிறவர்கள் வீட்டுக்குள் வரக் கூடாதே. துபாயிலிருந்து மாப்பிள்ளை பத்தே நாள் விடுப்பில், மகளை முதன்முதலாகப் பார்க்க மறுநாள் வருகிறார். அவரைப் போனில் கூப்பிட்டு, நேரே நாங்குநேரியில் உங்கள் தங்கை வீட்டுக்குப் போய்விடுங்கள் என்று சொன்னேன். சரி மாமா என்றார்.

உன் மகள் ஒரு பாட்டம் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு பிள்ளையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

“உடம்பு சுடல மாமா. பாலும் நல்லா குடிக்கா. அம்மைன்னா இப்படியா கால ஆட்டிக்கிட்டுக் கெடப்பா? டாக்டரம்மாட்ட காட்டாம நான் நம்ப மாட்டேன்.”

அம்மை கண்ட பிள்ளையை வெளியே கொண்டுபோகலாமா என்று குறுக்கே நின்றேன். யார் கேட்டார்கள்? அவள் ஆட்டோவில் ஏற, நானும் பின்னாலேயே ஏறினேன். பாளையங்கோட்டையில் டாக்டரம்மா பிள்ளையின் தொப்பி, காலுறை, சட்டை எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் பார்த்தார். காய்ச்சல் இல்லை, நீர் கோத்த கொப்புளம் இல்லை, வியர்வை தங்குகிற இடத்தில் மட்டும்தான் இருக்கிறது என்று காட்டினார்.

“இது வேர்க்குரு. இந்த வெயில்ல புள்ளைக்குக் கம்பளித் தொப்பி யாரு போட்டது?”

டவுனில் கடை கடையாக ஏறி இறங்கி அதை வாங்கி, எண்ணெய் வழியத் தேய்த்து மாட்டிவிட்ட மகராசன் பக்கத்திலேயே நின்றேன். உன் மகள் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை, அக்கா. மருந்துகூட வேண்டாமாம். மெல்லிய பருத்தித் துணி போதும், எண்ணெய் பூசாதீர்கள், காற்றுப் படட்டும் என்றார். இடுப்புக்குக் கீழே நீலமாக ஒரு திட்டு இருந்ததையும் கேட்டேன். பிறக்கும்போதே இருப்பது, வளர வளர மங்கிவிடும் என்றார்.

வெளியே வந்ததும் மாப்பிள்ளைக்குப் போன் போட்டு, தப்பு என் பேரில்தான், நேரே வீட்டுக்கே வாருங்கள் என்றேன். வந்த மறுநாள் குளிப்பாட்டும்போது அந்த நீலத் திட்டைப் பார்த்துவிட்டு, பிள்ளை எங்கேயாவது விழுந்துவிட்டாளா என்று பதறினார். நான் பெரிய வைத்தியனைப் போல விளக்கம் சொன்னேன். உன் மகள் சிரித்த சிரிப்பு உனக்குக் கேட்டிருக்குமா?

வேர்க்குரு அடங்கிவிட்டது. இப்போது பிள்ளை வெறும் உடம்போடு அப்பன் மார்பில் தூங்குகிறாள். கை கடுக்குமே, கீழே போடுங்கள் என்றால், “பத்து நாள்தான மாமா” என்கிறார். அந்தப் பத்து நாளையும் கெடுக்கப் பார்த்தேனே நான்.

இனி பிள்ளை மேலில் எது எழும்பினாலும் முதலில் டாக்டரம்மா, அப்புறம்தான் நான் வாயைத் திறப்பேன். உன் மேல் சத்தியம்.

பேத்தியை வேகவைக்கப் பார்த்த
உன் தம்பி