சூடு பார்த்த விரல்

மைக் செட் பெட்டி தூக்கியே தோள் இறங்கிப்போன என் அண்ணனுக்கு,

நீ போன பிறகு உன் மேசையை யாரும் தொடவில்லை. அம்மா அதன்மேல் ஒரு சேலையைப் போட்டு மூடிவிட்டாள். அப்பா அந்த அறைப் பக்கமே வருவதில்லை. பெண் வீட்டார் வேண்டாமென்று சொன்ன வாரத்திலேயே நீ அந்த மேசையில் கரண்டு அடித்துச் செத்தால் ஊர் என்ன பேசும்? நீயாகத்தான் கையை வைத்தாய் என்று பேசியது. அப்பாவும் நம்பிவிட்டார். உன் கல்லறையில் இன்றுவரை அவர் ஒரு மெழுகுவத்தி ஏற்றவில்லை.

"பெத்தவங்கள நெனச்சானா அவன்?" என்று ஒருநாள் அம்மாவிடம் கத்தினார். எனக்கு அவர்மேலும் கோபம், உன்மேலும் கோபம்.

போன வாரம் சேலையை எடுத்தேன். சிறுமலைத் திருவிழாவுக்குப் பழைய டிரான்ஸ்பார்மர் பெட்டியைச் சுமந்து முதுகு பிடித்துக்கொண்டதிலிருந்து, ஒரு கையில் தூக்குகிற மாதிரி சின்ன பவர் சப்ளை செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாயே, அது நீ விட்டபடியே கிடந்தது. பாலிடெக்னிக்கில் படித்த துணிச்சலில் ப்ளக்கைச் சொருகினேன். ஓடியது. கொஞ்ச நேரத்தில் தீய்ந்த வாடை வந்தது.

எது சுடுகிறது என்று பார்க்க என் கை தானாக நீண்டது. விரலை மடக்கி, பின்பக்கமாக. காபி டம்ளரிலிருந்து ஆம்பிளிஃபயர் வரை நீ அப்படித்தானே சூடு பார்ப்பாய்? தொடப்போன நேரத்தில், நீயும் இப்படித்தானே தொட்டிருப்பாய் என்று உறைத்தது. ப்ளக்கைப் பிடுங்கினேன்.

கருகிக்கொண்டிருந்தது ஒரு டயோடு, கரண்டை ஒரு பக்கமாக மட்டும் விடுகிற கதவு. பழைய ரேடியோவில் போடுகிற சாதாரண டயோடு. இந்தச் சப்ளையில் கரண்டு நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டிப் போகிறது. அந்த வேகத்துக்கு அதனால் கதவைச் சாத்த முடியாது. போன கரண்டு திரும்பி வந்து அது கொதிக்கிறது. அங்கே வேகமான டயோடு வேண்டும். உனக்கு இது தெரியாமலா? கையில் இருந்ததைப் போட்டுப் பார்ப்போம் என்று நினைத்தாயா?

அன்று சாயங்காலம் அப்பாவிடம் போனேன். சவப்பெட்டியில் வைக்குமுன் உன் கையைத் துடைத்து ஜெபமாலை சுற்றியவர் அவர்தான்.

"அண்ணனுக்கு வெரல்ல எந்தப் பக்கம்ப்பா தீஞ்சிருந்துச்சு?"

முறைத்தார். பிறகு தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பின்னாலதான். முட்டிகிட்ட."

"சாகணும்னு நெனக்கிறவுக சூடு பாப்பாகளாப்பா? டயோடு சுடுதான்னு பாத்திருக்கு அண்ணன்."

"இம்புட்டு நாளும் எம்புள்ள மேல கோவமால்ல இருந்தேன்" என்றார். அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. முன்பு பிடித்துக்கொள்ளக் கோபமாவது இருந்தது, அதையும் நான் பிடுங்கிவிட்டேனோ?

நேற்று பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் வேகமான டயோடு வாங்கி மாற்றினேன். வெகுநேரம் ஓடியும் வாடை இல்லை. சின்னப் பொருள் அண்ணே. சட்டைப் பையில் போட்டால் தொலைந்துபோகும். இதற்காகவா போனாய்?

கல்லறைத் திருநாளுக்கு மூன்று பேரும் வருகிறோம். அன்று ஜெபம் சொல்கிற மைக் உன் சப்ளையில்தான் ஓடும். அப்பா இப்போதே மெழுகுவத்தி வாங்கி வைத்துவிட்டார். ஓடுகிற போர்டில் நான் கை வைக்க மாட்டேன், விரலின் எந்தப் பக்கத்தாலும். இது சத்தியம்.

நீ சூடு பார்த்துக் கொடுத்த காபியைக் குடித்து வளர்ந்த தங்கச்சி,
செலின்