‘கீப்’ சொல்லிப் பின்னிய ஒற்றைக் கை

இன்று காலை பெட்டிக் கட்டிலின் பலகையைத் தூக்கி, குளிருக்குப் போர்த்தும் ரஜாய்களை வெயிலுக்கு எடுத்தேன். அந்துருண்டை நெடி முகத்தில் அடித்தது. அடியில், பழைய வேட்டித் துணியில் சுற்றி, நீ பாதியில் விட்ட ஸ்வெட்டர் இருந்தது. மயில்கழுத்து நிறம். ஒரு கை முடிந்திருக்கிறது. மற்றக் கை இன்னும் ஊசியிலேயே நிற்கிறது. ஒவ்வொரு குளிர்காலமும் எடுக்கிறேன், உதறுகிறேன், திரும்ப வைத்துவிடுகிறேன். இந்த முறை உனக்கு எழுதிவிடுவது என்று உட்கார்ந்துவிட்டேன்.

இந்த டெல்லியில் நம் ஆபீஸ் புல்வெளியை நீ மறந்திருக்க மாட்டாய். தொண்ணூறுகளின் கடைசி, குளிர்கால மதியங்கள். சாப்பாட்டு டப்பாவை மூடியதும் எல்லாரும் அங்கே வந்துவிடுவார்கள். ஆண்கள் சீட்டுக்கட்டைப் பிரிப்பார்கள், பெண்கள் கம்பளி நூலை. நான் கும்பகோணம், நீ பாளையங்கோட்டை. ஊரில் கம்பளியைக் கண்டவர்களா நாம்? பஞ்சாபி அக்காக்கள்தான் கையைப் பிடித்துப் பின்னச் சொல்லித்தந்தார்கள். பதவி உயர்வுத் தேர்வில் ஆங்கிலத் தாள் இருந்ததால் நீ தலையணை கனத்தில் ஓர் அகராதியையும் தூக்கிக்கொண்டு வருவாய். நாளுக்கு ஒரு வினைச்சொல். ஒரு வரிசை பின்னி முடிப்பதற்குள் ஓர் அர்த்தம் சொல்ல வேண்டும். சொல்லாதவள் அந்த வரிசையைப் பிரிக்க வேண்டும். இது நீ போட்ட விதி. என் மகனுக்கு ஆரம்பித்த தொப்பியை ஒரு குளிர்காலம் முழுக்கப் பிரித்துக்கொண்டே இருந்தேன். தேர்வு முடிந்த பிறகும் விளையாட்டை நாம் விடவில்லை.

உன் கடைசி நவம்பரில் ‘கீப்’ வந்தது. சின்னச் சொல்தானே, பத்து வரிசையில் தீர்ந்துவிடும் என்று நினைத்தேன். வைத்திரு, காப்பாற்று, சொன்ன சொல்லை நிறைவேற்று, ஆடு மாடு வளர், கெடாமலிரு, கணக்கு எழுது, விடாமல் செய்துகொண்டே இரு. ஒரு வாரம் ஓடியது, சொல் தீரவில்லை. “நம்ம ஊர்ல கீப்புன்னா வேற ஒண்ணுல்லாட்டி!” என்று நீ சொல்ல, நான் சிரித்த சிரிப்பில் சீட்டாடியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்து அக்கா “க்யா ஹுவா?” என்றாள். அதை ஹிந்தியில் எங்கே போய்ச் சொல்வது!

சொல்லின் பிறப்பைப் பற்றிப் பொடி எழுத்தில் இருந்ததை விரல் வைத்து வாசித்தாய். பழைய ஆங்கிலத்தில் இருக்கிறது. அதற்கு முன் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. பக்கத்து மொழிகளில் உறுதியான சொந்தம் இல்லை. “பாவம்ட்டி, நம்மள மாதிரி எங்கிருந்தோ வந்து ஒண்டிக்கிட்டு கெடக்கு” என்றாய். ஆதியில் பிடித்துவைப்பது, தேடுவது, கவனித்துப் பார்த்திருப்பது என்றெல்லாம் பொருள் இருந்ததாம். அதே பொருள் தரும் சொற்களையும் படித்தாய்: ஹோல்ட், ரிட்டெய்ன், ப்ரிசர்வ், டீடெய்ன். எல்லாம் ஒன்றுதானே என்றேன். ஊசியை நிறுத்திவிட்டாய். “எப்பிடி ஒண்ணாவும்? ஊறுகாய ஜாடியில வைக்கதும் திருடன ஸ்டேஷன்ல வைக்கதும் ஒண்ணாட்டி?” முடிந்த இந்தக் கை அந்த வாரப் பேச்சில் பின்னியது. யாருக்கு என்று கேட்டால் “ஒருத்திக்கு” என்பாய்.

அப்போதே உனக்கு இரண்டு வார்த்தைக்கு ஓர் இருமல். புகையும் பனியும் கலந்த டெல்லிக் காற்று உன் நெஞ்சுக்கு ஆகவில்லை. குளிர் முற்றுவதற்குள் ஊருக்குப் போய்விடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஊரில் உன் கணவர் இருந்தார். திருநெல்வேலிக் கிளையில் ஓர் இடமும் காலியாக இருந்தது. இடமாற்ற மனுக்களைச் சேர்த்து மேலே அனுப்புவது என் சீட்டின் வேலை. நீ மனு எழுதி, டாக்டர் கடிதத்தையும் இணைத்து என் கையில் கொடுத்தாய். “ஜல்தி அனுப்பிருட்டி” என்றாய்.

நான் அனுப்பவில்லை. இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

டிசம்பரில் மேலே போன மனுக்கட்டோடு அது போயிருக்க வேண்டும். என் மேஜை இழுப்பறையில் கம்பளி உருண்டைக்கு அடியில் போட்டு வைத்தேன். மார்ச்சில் இன்னொரு கட்டு போகும், அதில் சேர்க்கலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வீட்டில் கணவர் செய்தித்தாளுக்குள் இருப்பார், மகன் ஹிந்தியில் பதில் சொல்வான். நாள் முழுக்க நான் வாய்விட்டுத் தமிழ் பேசியது உன்னோடு அந்த அரைமணி நேரம்தான். அதை விட மனம் வரவில்லை. ஒரே ஒரு குளிர்காலம் என்று நினைத்தேன். சுயநலம், வேறென்ன?

நீ இரண்டு தடவை கேட்டாய். “என் பேப்பர் எங்கட்டி கெடக்கு?”

“மேல போயிருக்குடி.”

“அச்சா” என்று ஊசியை எடுத்துக்கொண்டாய். என்னைச் சந்தேகப்பட உனக்குத் தெரியவில்லை.

ஜனவரியில் நான்கு நாள் சூரியனே தெரியவில்லை. ஐந்தாம் நாள் மயூர் விஹாரிலிருந்து ஆபீஸுக்குக் கிளம்பிய சார்ட்டர்ட் பஸ்ஸில் உன் இடம் காலியாக இருந்தது. ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தேன். மூக்கில் குழாயோடு உன்னால் பேச முடியவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம். மறுநாள் நீ இல்லை.

உன் வாடகை அறையைக் காலி செய்ய வந்தபோது உன் கணவர் இந்த ஸ்வெட்டரை ஊசியோடு என்னிடம் நீட்டினார். “உங்களுக்குத்தான் போட்டுக்கிட்டு இருந்தா. நீங்க பக்கத்துல இருந்து பாத்துக்கிடுதியன்னுதான் நான் அங்க நிம்மதியா இருந்தேன்” என்று கைகூப்பினார். நானும் கைகூப்பினேன்.

ஓய்வுபெற்ற நாளில் இழுப்பறையைக் காலி செய்தேன். உன் மனுவைக் கிழிக்கக் கை வரவில்லை. அது இந்த ஸ்வெட்டருக்குள்தான் மடிந்து கிடக்கிறது. டெல்லிக்குள்ளேயே நாங்கள் துவாரகாவுக்குக் குடிவந்தபோது அதுவும் வந்தது. “முடிச்சுடுங்களேம்மா, நாலு நாள் வேலைதானே” என்கிறாள் மருமகள். பின்ன எனக்குத் தெரியாதா? அர்த்தம் சொல்லாமல் வரிசை கூடாதே. ‘கீப்’ என்ற அந்தச் சொல்லுக்கு நான் உனக்குச் செய்ததைத் தவிர வேறெந்த அர்த்தமும் என் நாவில் வருவதில்லை. சொல்லாதவள் பிரிக்க வேண்டும் என்பது விதி. ஆனால் இதில் நான் பின்னிய வரிசை ஒன்றுகூட இல்லை. பிரித்தால் போவதெல்லாம் நீ பின்னியது.

பால்கனிக்கு வெயில் வந்துவிட்டது. ஸ்வெட்டரையும் மனுவையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துவிட்டு, காற்றில் பறக்காமல் மனுவின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.