துரைசாணியின் பென்சில்

மேகமலை,
1938 கார்த்திகை 9

சௌபாக்கியவதி ராஜாத்திக்கு, உன் புருஷன் நல்லகண்ணு ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. இங்கு நான் சுகம். ஆத்தாவின் முட்டுவலி தேவலையா? அனுமந்தன்பட்டியில் மழை உண்டா?

எஸ்டேட் கணக்கு வேலையோடு எனக்கு இன்னொரு வேலையும் வந்திருக்கிறது. வெள்ளைக்காரத் துரைக்குக் கண் மங்கிவிட்டது. போன வருஷம் வயிற்றுக்கோளாறில் இறந்துபோன துரைசாணியின் இங்கிலீஷ் துப்பறியும் கதைகளைச் சாயங்காலம் நான்தான் வாசித்துக் காட்டுகிறேன். கொலைகாரன் யாரென்று அந்தம்மாள் ஊகித்து, பக்க ஓரத்தில் பென்சிலால் பெயர் எழுதியிருக்கிறாள். பாதி தப்பு. அதையும் சேர்த்தே வாசித்துக் காட்டுவேன், சிரிப்பாக இருக்கும்.

திங்கட்கிழமை வாசித்த கதையில் புருஷனே பெண்டாட்டிக்கு விஷம் வைக்கிறான். அங்கே ஓரத்தில் பெயர் இல்லை. ‘என் டீயும் இப்படித்தான் கசக்கிறது’ என்று எழுதியிருந்தது. வாசிப்பதை நிறுத்திவிட்டேன்.

“என்ன எழுதியிருக்கிறாள்?” என்று துரை கேட்டார்.

ஒன்றுமில்லை என்றேன்.

மறுநாளிலிருந்து எனக்கும் ஒரு கோப்பை டீ கிடைக்கிறது. துரையே கலக்குகிறார். சமையல்கார இருளம்மாளிடம் சொன்னேன். அவள் அடுப்பைப் பார்த்தபடியே, “தொரைசாணிக்கும் தொரைதான் கலக்கிக் குடுத்தாக” என்றாள்.

நீ கவலைப்படாதே. அவருக்குத்தான் கண் தெரியாதே, பக்கத்துப் பூந்தொட்டியில் ஊற்றிவிடுகிறேன். வண்டிக்கார அழகுமலை இங்கே அரிசி கொண்டு வரும்போது, நானே காய்ச்சிக் குடிக்கச் சுக்குப்பொடியும் நம் வீட்டுச் செம்பும் அவனிடம் கொடுத்துவிடு. மார்கழி பிறந்ததும் இறங்கி வந்துவிடுவேன். ஆத்தாவுக்கு இந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டும்போது மழை விசாரித்ததோடு நிறுத்திக்கொள்.

துரை கூப்பிடுகிறார். இன்று காலை அந்தப் பூந்தொட்டியை வெளியே எடுத்து வைக்கச் சொல்லிவிட்டார்.

நல்லகண்ணு