உன் பதினொரு மணியும் எங்கள் பதினொரு மணியும்

அன்புள்ள மகளுக்கு,

நீ சுகமாக இருப்பது அம்மா சொல்லித் தெரியும். நாங்களும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அந்த வார்த்தையை எழுதக் கை கூசுகிறது. பயப்படாதே, அம்மா இப்போது பக்கத்து அறையில்தான் இருக்கிறாள், காலை நீட்டிக்கொண்டு டிவி பார்க்கிறாள். இதை நான் முடித்ததும் படம் எடுத்து உனக்கு அனுப்பப்போவதும் அவள்தான். போனில் பேசினால் என் குரல் உயர்ந்துவிடும், உன் குரலும் அப்படித்தான், அதனால் எழுதுகிறேன்.

செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் காலை ஏழரைக்கு அம்மா டயாலிசிஸ் நாற்காலியில் இருக்க வேண்டும். போக அறுபது கிலோமீட்டர், வர அறுபது. நம் பழைய காருக்கு முழு சார்ஜ் இருந்தால்தான் அது முடியும். ராத்திரி பதினொன்றிலிருந்து விடியற்காலை நாலரை வரை மின்சாரம் பாதி விலை என்பதால், சுவரில் இருக்கும் சார்ஜர் பெட்டியில் அந்த நேரத்தைப் போன ஞாயிற்றுக்கிழமை நானே வைத்தேன். திங்களன்று சாயங்காலம் வயரைச் செருகினேன், பச்சை விளக்கு எரிந்தது, நிம்மதியாகப் படுத்தேன். செவ்வாய் காலை ஆறேகாலுக்கு அம்மாவை உட்கார வைத்து வண்டியை எடுத்தால் ஒன்பது சதவீதம். ஒன்பது! கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன், அப்போதும் ஒன்பதுதான். வாடகை வண்டிக்குப் போன் செய்தால் அந்நேரத்துக்கு யாரும் எடுக்கவில்லை. அம்மாவுக்கு ஏற்கெனவே கால் வீங்கி, நாலு படி இறங்கியதற்கே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

கடைசியில் யார் வண்டியில் போனோம் தெரியுமா? எதிர்வீட்டில் இருக்கும் எங்கள் கல்லூரித் துறைத்தலைவர் வண்டியில். எனக்கு வரவேண்டிய நாற்காலியில் என்னைவிட ஐந்து வருஷம் இளையவராக வந்து உட்கார்ந்தாரே, அவரேதான். ஆறு வருஷமாக கல்லூரி வேலை தவிர ஒரு வார்த்தை அவரோடு பேசாதவன், அன்றைக்குப் போய் அவர் கதவைத் தட்டினேன். லுங்கியோடு வந்தவர் அப்படியே சாவியை எடுத்துக்கொண்டார். பாதி வழியில், சார், பசங்களுக்குக் கரண்ட் பாடமே நீங்கதானே எடுக்கறீங்க, ஒரு கார்ல ஏத்த முடியலையா என்றார். மூச்சு வாங்கிக்கொண்டே உன் அம்மா சிரித்தாள். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டு ஐந்துக்குப் போய்ச் சேர்ந்தோம், அம்மாவின் நாற்காலியை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். மத்தியானம் இரண்டு மணி வரை அவள் அந்த நடைபாதைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நர்ஸ் வந்து நாடி பார்த்துவிட்டு, இவ்ளோ நேரம் தாங்கிட்டாங்க, இன்னொரு தரம் இப்படிப் பண்ணிடாதீங்க சார் என்று என்னிடம் சொன்னாள். அது காதிலேயே நிற்கிறது.

வீட்டுக்கு வந்து, பெட்டி மாட்டிய எலக்ட்ரீஷியனைப் போனில் வாய்க்கு வந்தபடி திட்டினேன், ஏமாற்றுக்காரன் என்றுகூடச் சொன்னேன். அவர் அரை மணியில் வந்து பார்த்துவிட்டு, சார், பெட்டி நல்லாத்தான் இருக்கு, அது குடுக்குது, கார்தான் வேணாங்குது, கார்லயும் யாரோ தனியா நேரம் வச்சிருக்காங்க, அதை எடுக்கணும்னா வச்சவங்க போன்தான் வேணும் என்றார். நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு, நம்ம பொண்ணுதான் அவ போன்லேருந்து வச்சா, பாதி விலை நேரத்துக்கு வைக்கச் சொல்லி நான்தான் கேட்டேன், உங்ககிட்ட சொன்னா கத்துவீங்க என்றாள். அதுவும் அதே ஞாயிற்றுக்கிழமை.

நீயும் பதினொன்றிலிருந்து நாலரை வரை என்றுதான் வைத்திருக்கிறாய். ஆனால் உன் போனில் ஓடுவது உன் ஊர் நேரம். எங்களைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால். உன் பதினொரு மணி எங்களுக்கு விடியற்காலை நாலரை. நான் வைத்த பெட்டி மூடும் அதே நிமிஷத்தில் நீ வைத்த கார் திறக்கிறது. இரண்டு பேரும் சரியாகவே செய்திருக்கிறோம், ஒருவரிடம் ஒருவர் சொல்லாமல் செய்திருக்கிறோம். எட்டு மாதமாக நீயும் நானும் பேசாமல் இருப்பதன் பலனை அம்மா அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து அனுபவித்தாள். நீ கிளம்பிய அன்று நான் வழியனுப்ப வரவில்லை என்பதை நீ மறந்திருக்க மாட்டாய். என்னைக் கேட்காமல் அந்த வேலைக்குக் கையெழுத்துப் போட்டதை நானும் மறக்கவில்லை. அது அப்படியே இருக்கட்டும், இதில் அதைக் கலக்க வேண்டாம்.

இப்போதைக்குப் பெட்டியில் நான் வைத்த நேரத்தை எடுத்துவிட்டேன், எப்போது கேட்டாலும் அது கொடுக்கும். வண்டி வயரிலேயே நிற்கட்டும் என்று கல்லூரிக்கு பஸ்ஸில் போகிறேன். ஆனால் உன் நேரப்படி கார் விடியற்காலை நாலரைக்குத்தான் ஏற்ற ஆரம்பிக்கிறது, பகலில் கரண்ட் வந்து வந்து போவதால் முழுதாக ஏறுவதில்லை, நாங்கள் ஆறேகாலுக்குக் கிளம்ப வேண்டும். நேற்று வியாழன் எப்படியோ போய் வந்துவிட்டோம், திரும்பும்போது ஏழு சதவீதம், ஏசி போடவில்லை, ரோட்டைவிட அந்த எண்ணைத்தான் அதிகம் பார்த்து ஓட்டினேன். அம்மா தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள், தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

நாளை சனிக்கிழமை. இதைப் படித்த உடனே காரின் நேரத்தை மாற்று. அழித்துவிடு என்று எழுதத்தான் நினைத்தேன், வேண்டாம், உன் கையிலேயே இருக்கட்டும். உன் போனில் சாயங்காலம் ஐந்தரையிலிருந்து ராத்திரி பதினொன்று என்று வை, இங்கே சரியாக வரும். வயரை நான் இங்கே சாயங்காலம் ஆறு மணிக்கே செருகிவிடுவேன். உன் நேரம் ஐந்தே முக்காலுக்கு ஒரு தரம் போனைத் திறந்து பார், ஏறுகிறதா என்று. ஏறவில்லை என்றால் உடனே கூப்பிடு, அம்மாவை அல்ல, அவள் தூங்கட்டும், என்னை. ஏறினாலும் கூப்பிடு. நான் விழித்துத்தான் இருப்பேன்.

வேளைக்குச் சாப்பிடு. குளிருக்குக் காதை மூடிக்கொள். நீ நன்றாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கும் வேறு எண்ணம் இல்லை.

உன் அப்பா

என் எண் பழைய எண்தான். அழித்திருந்தால் அம்மாவிடம் கேட்டுக்கொள்.