ஷெனாய் சேர்க்காத காட்சி

பழைய வீடியோ கேசட்டைத் திறந்ததும் பூஞ்சை வாடை குப்பென்று அடித்தது. நம் ஸ்டுடியோ அலமாரியின் அடியில் கிடந்தது. "அப்பா நடமாடுறா மாதிரி ஒண்ணுகூட இல்லியா மாமா?" என்று உன் மகள் கேட்டதால்தான் தேடினேன். நீ போனபோது அவள் தொட்டிலில் இருந்தாள். மாலை போட்ட போட்டோவைத் தவிர உன்னை அவள் பார்த்ததே இல்லை.

பஞ்சால் துடைத்து ஓடவிட்டேன். ஐயம்பேட்டைக் கல்யாண மண்டபம், காலை டிபன் பந்தி. கேசட் தீரப்போகிறது, கடையிலிருந்து இன்னொன்று எடுத்து வருகிறேன் என்று கிளம்புகிறாய். வெள்ளைச் சட்டை. வாசலில் வாழைமரம். கேமரா உன் முதுகை விடாமல் பிடித்து, மெல்ல மெல்ல நெருங்குகிறது.

"வாசல் தாண்டிப் போறவங்க முதுகை விடாதபா. மெதுவா ஜூம் போ. பின்னால மியூசிக் உக்கார எடம் வேணும்" என்று நீ நச்சரித்து நச்சரித்துப் பழக்கிய என் கை அது. தானாகப் போயிருக்கிறது. இன்று பார்த்தால், கடைக்குப் போகிற வழியில் உன்மேல் லாரி வரப்போவது கேமராவுக்கு முன்பே தெரிந்ததுபோல் இருக்கிறது. சத்தியமாக எனக்கு ஒன்றும் தெரியாதுடா.

நாம் தொழில் தொடங்கிய புதிதில், ஒரு பெண் புகுந்த வீட்டுக்குக் கிளம்பும் காட்சிக்கு நீ ஷெனாய் சேர்த்தாயே, ஞாபகம் இருக்கிறதா? தலைவர்கள் இறந்தால் ரேடியோவில் வாசிப்பார்களே, அதே இழுவை. கேசட்டைப் போட்டுப் பார்த்த பெண்ணின் அம்மா பதறிப்போய் நம்மிடம் வந்தாள். "எம்பொண்ணுக்கு என்னமோ ஆவப்போவுதுன்னு மனசு அடிச்சிக்குதுபா. தூக்கமே இல்ல." நீ அவளை உட்காரவைத்து, அதே காட்சியை நாதஸ்வரத்தோடு போட்டாய். முகம் தெளிந்தது. பிறகு சத்தத்தை முழுக்க அணைத்துவிட்டுச் சொன்னாய்: "நல்லா பாரும்மா, குனிஞ்சி செருப்பத் தேடிக்கினு இருக்குது. அவ்ளோதான்." அவள் சிரித்துவிட்டாள்.

இப்போது உன் மகள் கேட்டதும் அந்த இழுவையைத்தான். "ஸ்லோமோஷன்ல சோகமா மியூசிக் போட்டுக் குடுங்க மாமா, நினைவு நாளுக்குப் போடணும்." செய்து பார்த்தேன். வேகத்தைக் குறைத்து ஷெனாயைச் சேர்த்ததும், நீ சாவை நோக்கியே நடந்தாய். ஒவ்வொரு அடியும் அப்படித்தான் தெரிந்தது. பயந்துபோய் சேர்த்ததையெல்லாம் அழித்தேன். அவள் தன் அப்பாவை முதன்முதலில் பார்க்கப்போகிறாள். போகிற பிணமாகவா காட்டுவது?

எதையும் சேர்க்காமல் கொடுத்தேன். என் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தாள். ஜெனரேட்டர் இரைச்சல், வாளிச் சத்தம். வாழைமரத்தடியில் நீ திரும்பிக் கத்துகிறாய்: "டேய், தாலி கட்றதுக்குள்ள வந்துடறேன். எனக்கு ரெண்டு வடை எடுத்து வைய்யி!"

உன் குரலை அவள் அன்றுதான் கேட்டாள். விழுந்து விழுந்து சிரித்தாள். மறுபடி போடச் சொன்னாள், மறுபடியும் சிரித்தாள். பிறகு என் பக்கம் திரும்பிக் கேட்டாள்: "எடுத்து வெச்சீங்களா மாமா?"

"வெச்சேம்மா" என்றேன்.

வாழையிலைத் துண்டால் மூடி, கேமராப் பெட்டிமேல் வைத்திருந்தேன். தாலி கட்டி முடிந்து கூட்டம் கலைந்த பிறகும் அது மூடியபடியே இருந்தது. அதை நான் யாருக்கும் சொல்லவில்லை, உனக்கு மட்டும்தான் சொல்கிறேன்.