தேவராஜை நான் வரையவில்லை

12 ஆகஸ்ட் 2006, சனி

கிரேனுக்கான புது மென்பொருளை எழுதத் தொடங்கும் முன், அது எப்படி இயங்கும் என்பதைக் கணினியில் முப்பரிமாணப் படமாகச் செய்திருந்தேன். இன்று கும்மிடிப்பூண்டி இரும்பாலைக்கு லேப்டாப்பை எடுத்துப்போய், அங்கே இருபது வருடமாகக் கிரேன் ஓட்டும் மஸ்தான் பாயிடம் ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். மவுஸை நகர்த்தினால் கொக்கி நகரும். கம்பிக் கட்டுக்கு நேர் மேலே வந்ததும் திரையில் பச்சை விளக்கு எரியும். இறக்க வேண்டியதுதான்.

விளக்கு எரிந்தது. பாய் இறக்கவில்லை. படத்தைத் திருப்பித் திருப்பி எதையோ தேடினார். மவுஸ் பழக்கமில்லை போலிருக்கிறது என்று நினைத்து, "பச்சை வந்துடுச்சு பாய், இறக்குங்க" என்றேன்.

"தேவராஜ் எங்கம்மா? கீழ நின்னுகினு கை காட்டுவானே. அவன் காட்டாம நான் எப்பிடி எறக்குறது?"

தேவராஜை நான் வரையவில்லை. கீழே ஆள் வேண்டாம் என்பதுதான் திட்டமே. அதைச் சொல்லாமல், "விட்டுப்போச்சு பாய்" என்றேன்.

சாப்பாட்டு நேரத்தில் மஞ்சள் ஹெல்மெட் போட்ட ஒரு பொம்மையைச் செய்து, இறக்கச் சொல்லிக் கை காட்ட வைத்தேன். பாய் உடனே இறக்கினார், கட்டின் மேல் கச்சிதமாக. பிறகு வெளியே போய்த் தேவராஜையே கூட்டிவந்தார்.

"உன்னியும் போட்டுக்கிறாங்க பாரு."

தேவராஜ் குனிந்து பார்த்து, வெட்கத்தோடு சிரித்தார்.

திங்கட்கிழமை மேனேஜர் இதே படத்தைப் பார்க்கிறார். பொம்மையை எடுக்க ஒரு நொடி போதும். லேப்டாப்பைத் திறந்து வைத்து ஒரு மணி நேரமாகிறது. திரையில் தேவராஜ் இன்னும் கை காட்டிக்கொண்டு நிற்கிறார்.