ஐந்து புகார் வந்தால் மறையும்

ஜூலை 21, திங்கள். திருப்பதி.
மதியம் வரை புழுக்கம். பிறகு நாலு தூறல். வேளாண் ஆய்வாளர் கருத்துக்களத்துக்கு இன்று முதல் புதிய மென்பொருள். பதிவுகளைக் கண்காணிக்கும் மட்டுறுத்துநர் என்ற முறையில் விதிகளை நானே உள்ளிட்டேன்:
- ஐந்து புகார் வந்தால் பதிவு தானாக மறையும்.
- மட்டுறுத்துநர் தம் பதிவைத் தாமே மீட்கக் கூடாது.
- கேள்வி கேட்பவர் பெயர் தெரியாது. தனி மடலும் இல்லை.
- ஒருவருக்கு ஒரே கணக்கு.
யாருடைய தயவும் தேவைப்படாத ஏற்பாடு. களத்தின் மூத்த பேராசிரியர் ரா. கேட்ட 'லைக்' பொத்தானை மட்டும் தடுக்க முடியவில்லை. அவர் தும்மினாலும் அவருடைய ஆய்வு மாணவர்கள் லைக் போட்டாக வேண்டும்.

ஜூலை 23, புதன்.
விஜயபுரம் ஆய்வாளர் ஒருவர் கேள்வி: சனிக்கிழமை நிலக்கடலைச் சோதனை வயலில் களைக்கொல்லி தெளிக்கிறார், ஏக்கருக்கு எவ்வளவு? பேரா. ரா. தந்த பதில் ஹெக்டேருக்கான அளவு. இரண்டரை மடங்கு. பயிர் கருகும், ஆய்வில் ஒரு பருவம் போகும். பதிலுக்கு முப்பது லைக்!

திருத்தம் எழுதினேன், சான்றுடன். தேநீர் ஆறுவதற்குள் ஐந்து புகார். மறைந்தது. ஐந்திலும் ஒரே காரணம், 'பெரியவரை அவமதித்தல்', எழுத்துப்பிழை உட்பட ஒரே வாசகம். அடிமைக்குக்கூடச் சொந்தப் பிழை இருக்கும்.

மறுபடி எழுதினேன். மறுபடி ஐந்து.

ஜூலை 24, வியாழன்.
பேரா. ரா.வுக்கே தொலைபேசி. "ஏமண்டி, முப்பது பேரு தப்பு, நீங்க ஒருத்தர் கரெக்டா?" வைத்துவிட்டார்.

மீட்கும் அதிகாரம் இன்னொரு மட்டுறுத்துநரான லோகேஷுக்கு உண்டு. சித்தூரில் விரிவுரையாளர், பேரா. ரா.விடம் பிஎச்.டி.
"அடுத்த மாசம் எனக்கு வைவா சார். உங்க பதிவத் தொறந்தா என்னத் துன்னுடுவாரு."
"அளவு தப்பு. உனக்கே தெரியும்."
"தெரிஞ்சிக்கினுதான் சார் கம்முனு கீறேன்."
முதுகெலும்பற்ற பிராணி.

ஜூலை 25, வெள்ளி.
வெயில். நாளை தெளிப்பு. என் திரையில் மீட்புப் பொத்தான் சாம்பல் நிறத்தில், அழுத்த முடியாமல். நான் கேட்டு வாங்கிய ஏற்பாடு. பாழாய்ப் போன மென்பொருள்.

மாலை, இரண்டாவது கணக்கு தொடங்கினேன். இதே குற்றத்துக்காகப் பலரை வெளியேற்றியவன் நான். பெயர்: 'புதியவன்'. திருத்தமாக எழுதினால் மீண்டும் மறைப்பார்கள். ஆகவே ஐயமாக: "ஐயா, தாங்கள் அருளியது ஹெக்டேர் அளவுதானே? டப்பாவில் அப்படி உள்ளது. அடியேன் கற்றுக்குட்டி." எழுதிவிட்டுக் கை கழுவினேன், உண்மையாகவே, சோப்புப் போட்டு.

புதியவர்களின் முதல் பதிவுக்கு ஒப்புதல் தருவது லோகேஷ். உடனே தந்தான்.

இரவு உணவுக்கு முன் பேரா. ரா. பதில்: "ஆம், ஹெக்டேர்தான். கவனித்துப் படிக்க வேண்டும்." கவனித்து! அதற்கும் லைக்.

ஜூலை 26, சனி.
காலையில் விஜயபுரத்தார்: "நல்ல நேரத்துல சொன்னீங்க ஐயா. நைனா மருந்து கலக்கிக்கினு இருந்தாரு, நிறுத்திட்டேன்." நன்றி முழுவதும் பேரா. ரா.வுக்கு. பயிர் பிழைத்தது, போகட்டும்.

பதினோரு மணிக்கு லோகேஷ். குரலில் சிரிப்பு.
"சார், அந்தப் புதியவன் யாருன்னு பெரியவரு கேக்கறாரு. ரொம்பப் பணிவான பையனாம். பிஎச்.டி.க்கு சேத்துக்கறாராம். என்ன சார் சொல்லட்டும்?"
"செத்துட்டான்னு சொல்லு."